பின்னால் திறந்திருந்த விண்டோ

டைப்பக்காவின் சொந்தப் பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்தவள். விரல்கள் பேய் வேகத்தில் ஓடும். அதனால் அந்தப் பட்டம். கல்யாணமானதும் புருஷனின் குழாய்க்கடைக்கு ரசீது அடிப்பது அவள் வேலையாயிற்று. அதற்கென்று வந்த கம்ப்யூட்டரைத் தன் கண்பார்வையில் இருக்கட்டும் என்று அவன் கூடத்தில் வைத்தான்.

அவன் அடிப்பான். குடித்துவிட்டு அல்ல, நிதானமாக, கதவைச் சாத்தி, டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு.

ஒரு மத்தியானம் அவன் கடைக்குப் போயிருந்தபோது, அடிபடும் பெண்களுக்கு உதவும் அமைப்பு ஒன்றின் வெப்சைட்டைத் திறந்தாள். 'தங்குமிடம்' என்ற லிங்க்கை அழுத்தினாள். அது புது விண்டோவில் திறந்து, முதல் பக்கத்தை முழுசாக மறைத்துக்கொண்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. போன் நம்பரை முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோதே வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. சட்டென்று பக்கத்தை மூடி, அதே வேகத்தில் திரையையும் அணைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ரசீது பார்க்க வந்த புருஷன் திரையைப் போட்டான். 'உங்களை வீட்டில் அடிக்கிறார்களா?' என்று கொட்டை எழுத்தில் முதல் பக்கம் அப்படியே நின்றது.

"யாரைடி அடிக்கிறாங்க?"

அவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"ஊரைக் கூட்டப் போறியா?"

அவள் வலது கையைப் பிடித்து மேஜை டிராயருக்குள் வைத்து, அறைந்து சாத்தினான். மூன்று விரல்கள் நொறுங்கின. கோபத்தில் டிவியைப் போட மறந்திருந்தான். அலறல் கேட்டு ஓடிவந்த எதிர்வீட்டு நர்ஸ்தான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அங்கிருந்து அவள் வீடு திரும்பவில்லை. அந்த அமைப்பின் தங்குமிடத்துக்கே போனாள்.

கையில் கட்டோடு இருந்தபோது ஒருநாள், வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் பையன் அலுவலக அறைக்கு வந்திருந்தான். மூடிய பக்கத்துக்குப் பின்னால் முதல் பக்கம் திறந்தே கிடந்ததையும், அதனால் நடந்ததையும் அவனிடம் சொன்னாள்.

"எல்லா லிங்க்கையும் புது விண்டோலதான்க்கா திறக்க வைப்போம்," என்றான் அவன், முகம் வெளிறி. "பாக்குறவங்க நம்ம சைட்டை விட்டுப் போயிடக் கூடாதுன்னு."

"நான் போகத்தானே தம்பி வந்தேன்?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். ஒவ்வொரு லிங்க்காக அதே விண்டோவில் திறக்கும்படி மாற்றினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையால் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தாள். சில லிங்க்குகள் பழையபடியே திறந்தன. "இது இன்னும் மாறல தம்பி," என்று சொல்லிச் சொல்லி, சாயங்காலம்வரை அவனை எழவிடவில்லை.

புருஷன் மேல் போட்ட வழக்கு கோர்ட்டில் நிற்கவில்லை. டிராயர் தவறிச் சாத்திக்கொண்டது என்றான் அவன். குடும்பத்தோடு அதே தெருவில் இருக்க வேண்டிய நர்ஸும், தான் கண்ணால் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.

நடுவிரல் இன்றுவரை மடங்கவில்லை. அந்த அமைப்பிலேயே போன் எடுக்கும் வேலை கிடைத்தது. ஒரு தடவை அவள் அம்மா பார்க்க வந்தாள். கையை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், "மாப்பிள்ளை ஹோட்டல்ல சாப்பிட்டுச் சாப்பிட்டு இளைச்சுட்டாருடி," என்றாள்.

அதற்குள் போன் மணி அடித்தது. டைப்பக்கா திரும்பி அதை எடுத்தாள்.