நிபுணர் கண்ட வாலாட்டி

எங்கள் அலுவலகத் தலைமைக் குமாஸ்தா தாமோதரம்பிள்ளை பறவை நிபுணர். வெயிலில் ஒரு மரத்தடிக்கும் போனதில்லை. டை கட்டிக்கொண்டு, மேசையில் ஆங்கிலப் புத்தகத்தை விரித்துவைத்து, மற்றவர்கள் பார்த்த பறவையெல்லாம் பொய் என்று தீர்ப்புச் சொல்வார். அதற்குப் பெயர் நிபுணத்துவம்.

சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் என் பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா, பிடாடாரி கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுபவர். அக்டோபர் பிறந்தால் அங்கே ஒரு வாலாட்டிக் குருவி வருமாம். நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டை. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும்; இது உடம்போடு சேர்த்து இடமும் வலமும் ஆட்டுமாம். மார்ச் மாதம் போய்விடுமாம். புத்தி கெட்டுப்போய் இதை நிபுணரிடம் சொன்னேன்.

"காட்டு வாலாட்டியோ? சைபீரியாவிலயும் கொரியாவிலயும் குஞ்சு பொரிக்கிற அபூர்வப் பறவையல்லோ அது! புல்லு வெட்டுற மனுசிக்கு என்ன தெரியும்?"

1961 நவம்பரில் எங்கள் அலுவலகத்து வெள்ளைக்காரத் துரை இறந்துபோனார். அடக்கத்துக்காகப் பிடாடாரிக்கு வந்த நிபுணர், பாதிரியார் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் கல்லறையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் பத்திரிகையில் டை கட்டிய படத்தோடு செய்தி வந்தது: 'சிங்கப்பூருக்கு முதல்முறையாகக் காட்டு வாலாட்டி வருகை. கண்டுபிடித்தவர் திரு. தாமோதரம்பிள்ளை.'

அதை அஞ்சலையக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் அரிவாள் தீட்டுவதை நிறுத்தவில்லை.

"அது பதினோரு வருஷமா வருது லா. இந்த வருஷம் முதமுறையா வந்தவரு அவருதான்."