குழாயடியில் எனக்கு ஒரு சால்வை

வாராவாரம் ஊரைக் கிண்டல் செய்து பத்தி எழுதுகிற வேலையில், சிரிப்பு வராத ஒரே ஆள் எழுதுகிறவன்தான். காலிக் குடத்தோடு குழாயடியில் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நின்றதோடு அதைத் தமாஷாகவும் எழுத வேண்டிய பாடு என்னுடையது.

திறப்பு

பம்பாய் உத்தியோகத்தை விட்டுச் சித்தூருக்குத் திரும்பிய சமயம், எங்கள் தெருவுக்கு முனிசிபாலிட்டிக் குழாய் வந்தது. வார்டு கவுன்சிலர் அதற்கு மாலை போட்டுத் திறந்து வைத்தார். கைதட்டி முடிக்கும்வரை தண்ணீர் வந்தது. அப்புறம் இல்லை. பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா, நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வீங்கின முழங்காலோடு பழையபடி ரயில்வே கேட்டுக்கு அப்பால் இருக்கிற கிணற்றுக்கே நடந்தார்.

அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் எழுத ஆரம்பித்தேன். குழாய்க்கு மாலை போட்டுவிட்டு, போகும்போது அதையே கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு போன ஒரு தலைவரைப் பற்றி, திருப்பதியில் அச்சாகும் தமிழ் வாரப் பத்திரிகையில் முதல் பத்தி வந்தது. அக்கா படித்தார்.

"நல்லா கீது தம்பி. கெணத்துக்குப் போற வழியெல்லாம் சிரிச்சிக்கினே போனேன்."

விற்பனை

தண்ணீர் வரும்வரை விடுவதில்லை என்று அடுத்தடுத்த வாரமும் குழாயைப் பற்றியே எழுதினேன். தபாலை நம்பாமல் பஸ் பிடித்துத் திருப்பதிக்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். பத்திரிகை முதலாளி, கல்யாண அழைப்பிதழ் அடிப்பதற்கு நடுவே எங்களையும் அடிப்பவர். மை படிந்த கையால் தாளை வாங்கிப் படித்தார், சிரித்தார், பிறகு முகம் வாடிப்போனார்.

"குழாய் நல்லா போய்க்கினு இருக்குது சார். தண்ணி கிண்ணி வந்துடப் போவுது, பார்த்து எழுதுங்க."

வாசகர்

ஒருநாள் கவுன்சிலரே கூப்பிட்டனுப்பினார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, எழுத்துத் தமிழ் வாசித்தால் சரியாகப் புரியாது, பள்ளிக்கூடம் தெலுங்கு. எனக்கு இரண்டும் வரும் என்பது என் தலையெழுத்து. காபி கொடுத்து உட்காரவைத்து, "சதவண்டி சார், படிங்க" என்று என் முதல் பத்தியை என்னிடமே நீட்டினார். அவரைக் கிண்டல் செய்ததை அவர் எதிரிலேயே வரி வரியாகத் தெலுங்கில் சொன்னேன். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து வார்டு கவுன்சிலரை நான் நன்றாக ஒரு வாங்கு வாங்கிவிட்டேனாம்.

"அது நீங்கதாங்க. நம்ம தெருக் குழாய்" என்றேன். சிரிப்பு நின்றது.

"நம்ம பேரே போடலியே சார். போட்டிருந்தா ஜனத்துக்குத் தெரிஞ்சிருக்குமே."

மரியாதை

அடுத்த வாரம் முழுப் பேரும் வார்டும் போட்டு எழுதினேன். வெட்கப்பட்டாவது குழாயைப் பார்ப்பார் என்று எண்ணம். அவருக்கோ தலைகால் புரியவில்லை. தன் பேரைப் பத்திரிகையில் கொண்டுவந்தவனுக்கு அதே குழாயடியில் பாராட்டு விழா வைத்தார். பந்தல், மைக், சால்வை. கூட்டம் சேர வேண்டுமே என்று தண்ணீர் லாரி ஒன்றையும் வரவழைத்தார்.

தெரு மொத்தமும் குடத்தோடு வந்தது. சால்வைக்குள் வியர்த்துக்கொண்டே நான் நன்றி சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் லாரிப் பக்கம்தான் கண். எஸ்தர் அக்கா அண்டாவரை ரொப்பி முடித்துவிட்டு, நொண்டி நொண்டி மேடைக்கு வந்தார். வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் அவர் கிணற்றுக்குப் போகவில்லை.

"அடுத்த வாரமும் உனக்கு ஒரு சால்வை போடச் சொல்லேன் தம்பி. முட்டிக்குக் கொஞ்சம் ரெஸ்ட்டா இருக்கும்."

இத்தனை எழுதியும் தெருவுக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்கிறவர்களுக்கு, குழாயைத் தவிர மற்ற வழியில் வந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.