தினா அண்ணன் எழுத வேண்டாம் என்ற வரி

எங்கள் குழுவின் வாட்ஸ்அப் அம்மாவின் கைப்பேசியில் இருக்கிறது. அன்று பள்ளியிலிருந்து வந்து பார்த்தபோது, ஜோயல் அண்ணன் அனுப்பிய மூன்று செய்திகள் அழிக்கப்பட்டிருந்தன. எதை எழுதி எழுதி அழிக்கிறார் என்று புரியவில்லை. நான்காவது மட்டும் நின்றது: "நம்ம தினா செத்துட்டான்." காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. வயது முப்பத்து நான்கு.

அவரை மேடையில் மட்டுமே பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ராக் குழுவில் மூன்று பேர். ஜோயல் அண்ணன் கிட்டார். என் அண்ணன் ஹரி பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவான். தினா அண்ணன் டிரம்ஸ். நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். எதையும் வாசிக்கத் தெரியாது. மேடை அறிவிப்புகளை எழுதித் தருவது என் வேலை. திருமுல்லைவாயிலில் ஜோயல் அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறையில் ஞாயிறுதோறும் பயிற்சி.

போன வருடம் ஒரு கல்லூரி விழாவுக்கு, ஒவ்வொருவரும் எங்கே இசை கற்றார்கள் என்று இரண்டு வரி கேட்டார்கள். நோட்டுடன் உட்கார்ந்தேன். ஹரி சிறுவயதில் கோயில் தேவார வகுப்புக்குப் போனவன். இன்றும் கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டே இருப்பான். "சாமி எங்கியும் போவாது மச்சான், சீக்கிரம் முடி," என்பார் ஜோயல் அண்ணன். அவர் ஆவடியில் சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்தவர். எவ்வளவு ஆவேசமான பாட்டையும் முடிவில் பணிவாக இறக்கி வைப்பார். "ஜோயலு, பாட்டு முடிஞ்சிபோச்சு. இன்னாத்துக்கு இன்னும் முட்டி போட்டுகினு கீற?" என்று தினா அண்ணன் கேட்பார்.

தினா அண்ணனின் முறை வந்தபோது சிரிப்பு நின்றது. "தானா கத்துக்கினான்னு போட்டுக்கோ பாப்பா."

நான் நம்பவில்லை. அவருடைய இடது கை வலது கைக்குக் கட்டுப்படாமல் தனியாக ஏதோ பேசிக்கொண்டிருக்கும். வீடியோ பார்த்துக் கற்றவர்களிடம் அது இருக்காது.

அந்த வாரமே அத்தை வீட்டுக்குப் போகும்போது, மண்ணூர்பேட்டையில் எங்கள் பேருந்து ஒரு சாவு ஊர்வலத்தின் பின்னால் நின்றுவிட்டது. முன்னால் ஐந்து பேர் பறை அடித்தபடி ஆடி வந்தார்கள். நடுவில் தினா அண்ணன். அந்த இடது கை. ஜன்னலில் என்னைப் பார்த்ததும் அவர் கை ஒரு அடி தவறியது. அவர் தவறி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அப்பாவிடம்தான் கற்றிருப்பார் என்று நானே முடிவுசெய்து, அன்று மாலையே கல்லூரிக்கு எழுதி அனுப்பிவிட்டேன்: "தினா, தந்தையிடம் பறை கற்றவர்." அதுவரை நான் எழுதியதிலேயே நல்ல வரி அது என்று நினைத்தேன். அவரைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஞாயிறன்று அவர் எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தார். "பாத்தியா பாப்பா?"

"பாத்தேன்ணா. சூப்பரா இருந்துச்சு."

"அத்த மட்டும் எழுதிடாத."

"ஏண்ணா, வெக்கமா?"

"எங்கப்பன் கத்துக்குடுத்தது, அதுல இன்னா வெக்கம்? பயம். மூணு எடத்துல ஊடு இல்லன்னுட்டாங்க. நாலாவதா பட்டாபிராம்ல கெடச்சிது. அந்த ஓனரம்மாவுக்குத் தெரியாது. எம் பொண்ணு அங்கதான் ரெண்டாவது படிக்குது."

அனுப்பிவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கல்லூரிக்கு அழைத்தேன். தாள் அச்சாகிவிட்டது என்றார்கள். பிறகு வந்த நாட்களெல்லாம் அரங்கில் யார் இருப்பார்கள், யார் கைப்பேசியில் பிடிப்பார்கள், அது எப்படிப் பட்டாபிராம் போய்ச் சேரும் என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

விழா அன்று, மேடைக்குப் பின்னால், அவர் டிரம்ஸின் திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. நிமிரவும் இல்லை. "மேடைல சொன்னா கைதட்டுவாங்க பாப்பா. ஊட்டாண்ட சொன்னா காலி பண்ணச் சொல்லுவாங்க," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அழுவாத. போய்த் தண்ணி குடி," என்றார்.

அறிவிப்பாளர் தாளுடன் வந்தார். மணியைப் பார்த்தார். "நேரமில்லை, நேராகப் பாட்டுக்கே போய்விடலாம்!" என்று தாளை மடித்துக்கொண்டார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் தினா அண்ணன் அருகில் வந்தார். "தப்பிச்சோம். ஆனா ஒண்ணு, அந்த மைக் பிடிச்சவன் வாய்ல எங்கப்பன் பேச்சு வந்திருந்தா எப்டி இருந்திருக்கும்னு கேக்கணும் போல இருந்திச்சு." அவருடைய பயத்தோடு இப்படி ஓர் ஆசையும் இருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் இறந்த அன்று பட்டாபிராமுக்குப் போனோம். உறவினர்கள் மண்ணூர்பேட்டையிலிருந்து பறைகளுடன் வந்திருந்தார்கள். ஆனால் அவற்றைக் கோணிப்பையிலிருந்து எடுக்காமல் தெருமுனையிலேயே நின்றார்கள். வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தினா அண்ணனின் அண்ணன் வந்து, தம்பி மனைவி செல்வி அக்காவிடம் குனிந்து கேட்டார்: "இன்னாம்மா, அடிக்கலாமா, வாணாமா? நாளைக்கு நீதான் இங்க இருக்கணும்."

அக்கா குழந்தையை மடியில் வைத்திருந்தார். மாடியை ஒரு முறை பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் பயந்தேன்.

"ஊர் சாவுக்கெல்லாம் அடிச்ச மனுசன். அவுரு சாவுக்கு மட்டும் அடிக்காம தூக்கினு போவீங்களா? அடிங்க," என்றார்.

அடித்தார்கள். ஹரியும் ஜோயல் அண்ணனும் பறைகளுக்குப் பின்னால் நடந்தார்கள்.

பத்தாம் நாள் வீட்டுக்கார அம்மா, மகன் ஊரிலிருந்து வருகிறான், வீடு வேண்டும் என்றார். அவருக்கு மகன் இருக்கிறான் என்பதே அக்காவுக்கு அன்றுதான் தெரியுமாம். இதையெல்லாம் எழுதலாமா என்று இந்த முறை முதலிலேயே கேட்டேன். "எழுது. அடுத்த ஊட்ல மொதல்லயே சொல்லிட்டுத்தான் ஏறுவேன்," என்றார் அக்கா.

தினா அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பயத்தைத்தான். இனி யாரைப் பற்றி எழுதினாலும், மற்றவர்கள் இதைப் படித்தபின் இவர் எந்த வீட்டில் தூங்குவார் என்று ஒரு நிமிடம் பயப்படுவேன். பயந்த பிறகு, அவரிடமே போய்க் கேட்பேன்.

அவரை அறிந்த உங்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தையின் பள்ளிக்குப் பக்கத்தில், பட்டாபிராமிலேயே ஒரு வீடு வேண்டும். ஒரு படுக்கையறை போதும். வீட்டுக்காரரிடம் கேட்கும்போது, இவர் பறை அடித்த தினாவின் மனைவி என்று சொல்லியே கேளுங்கள்.