ஆர்டித் பொட்டல்

லோரெட்டா குபியாக்கைப் பற்றி எங்கள் முகாமில் யாரைக் கேட்டாலும் தங்கமான பொம்பளை என்றுதான் சொல்வார்கள். பதினெட்டு வருடமாக அவளைத் தின்றுகொண்டிருந்ததும் அதுதான்.

கோடையில் ஆட்கள் வந்து கூடாரம் அடித்துத் தங்குகிற டாமரேக் முனைப் பூங்காவின் வாசலுக்குப் பக்கத்தில் முதலாம் எண் இடம் அவளுடையது. மே மாதக் கடைசியில் ட்ரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தினால், பள்ளிக்கூடம் திறந்து கூட்டம் வடிந்த பிறகுதான் கிளப்புவாள். முகாம் பொறுப்பாளர் என்று பெயர். சம்பளம் கிடையாது, கோடை முழுக்க ஏரிக்கரையில் ஓசியில் தங்கிக்கொள்ளலாம். அடுப்புக் குழிகளில் சாம்பல் அள்ளுவாள், கழிப்பறையில் காகிதம் வைப்பாள். கூடாரத்துக் கம்பிகளை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்து, புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிற இடத்துக்குப் பழைய கம்பிகளை எடுத்துக்கொண்டு போய்ச் சமாதானம் செய்துவைப்பாள். எழுபத்தொரு வயதில் இதெல்லாம் லேசான காரியம் இல்லை. புருஷன் ஸ்டான் இறந்த பிறகும் தனியாளாக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொட்டகையில் விறகைப் பற்றிப் பேசுவதும் அவள் வேலைதான். அலுவலகத்தில் அச்சடித்துக் கொடுத்த தாள் உண்டு. வெளியிலிருந்து விறகு கொண்டுவராதீர்கள் என்று ஆரம்பிக்கும். பல வருடங்களுக்கு முன் முகாமுக்கு வந்த ஒருவர் வீட்டிலிருந்து ஆஷ் மர விறகைக் கொண்டுவந்தார், பட்டைக்குள் பச்சை வண்டின் புழு இருந்தது, நான்கே வருடத்தில் கிழக்குப் பக்கத்து ஆஷ் மரங்கள் அத்தனையும் பட்டுப்போயின என்று போகும். குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். பிறகு லோரெட்டா கையை நீட்டிக் கிழக்கே காட்டுவாள். அங்கே நாற்பது இடங்கள், ஒரு கை நிழல் கிடையாது. வெட்டிய அடிமரங்களும், மான் தின்றது போக மிஞ்சிய சில கன்றுகளும்தான். எந்தப் பலகையிலும் எழுதவில்லை என்றாலும் அந்தப் பக்கத்துக்கு ஆர்டித் பொட்டல் என்றுதான் பெயர். விறகைக் கொண்டுவந்தவள் ஆர்டித் நைக்விஸ்ட் என்பது பழைய ஆட்களுக்கெல்லாம் தெரிந்த கதை.

அது பொய். கொண்டுவந்தவள் லோரெட்டா.

அப்போது அவளும் ஸ்டானும் ஒவ்வொரு ஜூலையிலும் நாற்பத்திரண்டாம் இடத்தில் கூடாரம் அடிப்பார்கள். நாற்பத்துமூன்றில் ஆர்டித்தும் அவள் புருஷன் க்ளென்னும். இருபது வருடத்துப் பக்கத்து இடம். இரண்டு குடும்பமும் தெற்கே ஆலைகள் இருக்கிற பக்கத்து ஆட்கள்தான். ஆர்டித் முகத்தில் சிரிப்பைப் பார்ப்பது அபூர்வம். ரேடியோவைச் சத்தமாக வைத்தால் நேரே போய் அணைத்துவிட்டு வருவாள், யூக்கர் சீட்டாட்டத்தில் முகாமையே தோற்கடித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போவாள். லோரெட்டா ஒருத்திக்குத்தான் அவளோடு சரிப்பட்டது.

அந்த வருடம் லோரெட்டா வீட்டுப் பின்பக்கத்து ஆஷ் மரம் உச்சியிலிருந்து காய்ந்துபோயிற்று. ஸ்டான் வெட்டி அடுக்கினான். முகாமுக்குக் கிளம்பும்போது அதை வண்டியில் ஏற்றத் தயங்கினான்.

"தெக்கேயிருந்து விறகு கொண்டுபோகக் கூடாதுன்னு தடை போட்டிருக்கான் லோரெட்டா. டிவில கூடச் சொன்னானே."

"டிவில சொல்றத எல்லாம் கேட்டா நாம வீட்டுக்குள்ளயே கெடக்க வேண்டியதுதான். நம்ம மரத்த நாம எரிக்கறதுக்கு எவன்கிட்டக் கேக்கணும்? தார்ப்பாயப் போட்டு மூடு."

பூங்கா வாசலில் காவல் ரேஞ்சர் கேட்டார். "வெளி விறகு எதாவது இருக்குதாம்மா?" "ஐயோ, இல்லப்பா" என்று சிரித்து, தான் சுட்ட கசகசா ரொட்டியில் ஒரு துண்டை அவர் கையில் வைத்தாள். அவர் தார்ப்பாயைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. தங்கமான பொம்பளை அல்லவா?

பத்து நாள் எரித்தும் பாதி மிஞ்சியது. மிஞ்சிய விறகைப் பக்கத்து இடத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போவது எங்களிடையே வழக்கம். கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை லோரெட்டாவும் ஸ்டானும் அதைத் தூக்கிக்கொண்டுபோய் நாற்பத்துமூன்றில் அடுக்கினார்கள். செவ்வாய்க்கிழமை ரேஞ்சர் சுற்றி வந்தார், பட்டையை உரித்துப் பார்த்தார், புழு நெளிந்தது. ஆர்டித்தின் பெயரில் அபராதச் சீட்டு எழுதிவிட்டார். சாயங்காலத்துக்குள் முகாம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

அன்றைக்கே ஆர்டித் போன் செய்தாள்.

"அந்த விறகுல புழுவாம். எம்பேர எழுதிட்டான். யாரு குடுத்ததுன்னு நான் இன்னும் சொல்லல."

அந்த மாதம்தான் அவளும் ஸ்டானும் முகாம் பொறுப்பாளர் வேலைக்கு மனு போட்டிருந்தார்கள். ஸ்டானின் ஆலையை மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு அந்த ஏரிக்கரை ஒன்றுதான் பிடிமானமாக இருந்தது.

"ஆர்டித், எங்க மனு அவங்க கையிலதான் இருக்குது. பதில் வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கறியா? வந்ததும் நானே போய்ச் சொல்லிடறேன்."

"சரி" என்றாள் ஆர்டித்.

வேலை கிடைத்தது. முதல் கோடையில் மூன்று மரங்களின் உச்சி காய்ந்தது. இப்போது சொன்னால் வேலை போய்விடும், ஸ்டான் தாங்கமாட்டான், அடுத்த வருடம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினாள். வண்டுக்கு இறக்கை இருக்கிறது, இந்த விறகு இல்லாவிட்டாலும் ஒருநாள் வந்துதான் இருக்கும் என்று ஒரு ரேஞ்சர் சொன்னதையும் பிடித்துக்கொண்டாள். நைக்விஸ்ட் குடும்பம் அதற்குப் பிறகு வரவே இல்லை. மரம் அறுக்கிறவர்கள் வந்து கிழக்குப் பக்கத்தை மொட்டையடித்த வருடம், சீட்டில் ஆர்டித்திடம் எப்போதும் தோற்கிற ஒருவர் பியர் டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு ஆர்டித் பொட்டல்னு பேரு வைக்கிறேன், யாருக்காவது ஆட்சேபண உண்டா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். லோரெட்டாவும் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டிருந்ததையாவது மன்னிக்கலாம், அந்தச் சிரிப்பை என்ன செய்வது?

ஒரு ஆறுதல் மட்டும் அவளுக்கு இருந்தது. ஆர்டித் நினைத்திருந்தால் ஒரே வார்த்தையில் மாட்டிவிட்டிருக்கலாம், செய்யவில்லை. என்மேல் அவ்வளவு பிரியம் வைத்திருந்தாள் என்று நினைத்துக்கொள்வாள். நினைக்க நினைக்க அழுகைதான் வரும்.

இந்த ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, வருகிறவர்கள் பட்டியலை வாங்க அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலில் இளவயது ரேஞ்சர் கெல்சி, வெளியே ஒரு வண்டிக்காரிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்திமூணுதானே மேடம்? நேராப் போயி வலது பக்கம் திரும்புங்க, ஆர்டித் பொட்டல்ல இருக்கு. வெயில் கொஞ்சம் கடுமையா இருக்கும்."

"பேரு நல்லா இருக்கே. யாரு அந்த ஆர்டித்?"

"ரொம்பப் பழைய ஆளுங்க. பூங்காவுக்கு நெலம் எழுதிவெச்சவங்கன்னு நெனைக்கிறேன்."

"தாராள மனசு போல" என்றாள் வண்டியிலிருந்தவள். தலை முழுக்க நரைத்திருந்தது, தாடை மட்டும் ஆர்டித்தின் பழைய தாடைதான். லோரெட்டாவைப் பார்த்ததும், "நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா?" என்றாள்.

எத்தனை வருடம் வாடி போடி என்று பேசியவள். அந்த 'நீங்க' லோரெட்டாவின் கன்னத்தில் அறைந்ததுபோல் விழுந்தது. அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

அன்று முழுவதும் பேட்டரி வண்டியில் கிழக்குப் பக்கமாக நான்கு முறை போனாள், நாற்பத்துமூன்றின் முன்னால் நிறுத்தாமலே திரும்பினாள். மறுநாள் காலையில் ஆர்டித் கைத்தடியோடு மேட்டுப்பாதையில் ஏறுவதைப் பார்த்து, வண்டியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே நடந்தாள். பாதை கரையை ஒட்டி மரப்படிகளில் ஏறி, தேவதாரு மரங்களுக்குள் புகுந்து, முனையில் போய் முடியும். மூச்சு வாங்க வாங்கப் பாதித் தூரத்தில் எட்டிப் பிடித்தாள். ஆர்டித் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"க்ளென் வரலியா?"

"மார்ச்ல செத்துட்டாரு."

"எனக்குத் தெரியாதே..."

"எப்படித் தெரியும்? நீங்க போனா பண்ணீங்க?" ஆர்டித் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டாள். "அவருக்கு இங்க வரணும்னு ஆசதான். கடைக்காரன் வாய்க்கும் கூடாரக்காரன் வாய்க்கும் பயந்துக்கிட்டு, வேண்டாம், வேற எங்கயாவது போலாம்னுடுவாரு. எங்க போனாலும் இந்தத் தண்ணி மாதிரி இல்லேம்பாரு. எனக்கும் எழுபது தாண்டிடுச்சு. யாரோ வெச்ச பேருக்குப் பயந்துக்கிட்டு நானும் பாக்காமலே போகணுமான்னு தோணிச்சு, வந்துட்டேன்."

லோரெட்டா நின்றபடியே அழுதாள். ஸ்டானைப் பற்றி, வேலையைப் பற்றி, ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டதைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினாள். மன்னித்துவிடு என்றாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் மொதல்லயே தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன். நாளைக்குப் பத்து மணிக்குக் கொட்டகையில எல்லார் முன்னாடியும் சொல்றேன். நீ வந்து கேளு."

ஆர்டித் தடியை ஊன்றி எழுந்து முனைப்பக்கம் நடந்தாள்.

சனிக்கிழமை கொட்டகையில் ஐம்பது பேர் இருந்தார்கள். ஆர்டித் தன் மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து கடைசி வரிசையில் போட்டுக்கொண்டாள். லோரெட்டா தாளைப் பார்த்துப் பாதிவரை படித்தாள். 'முகாமுக்கு வந்த ஒருவர்' என்ற இடம் வந்ததும் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தர்னு இதுல எழுதியிருக்குது. அது நான்தான். லோரெட்டா குபியாக். எங்க வீட்டு மரத்த வெட்டி, தார்ப்பாயப் போட்டு மறைச்சு, வாசல்ல பொய் சொல்லிக் கொண்டுவந்தேன். மிச்சத்த ஆர்டித் நைக்விஸ்ட் இடத்துல வெச்சுட்டுப் போனேன். பழி அவமேல விழுந்துச்சு. நான் வாயத் தொறக்கல. அந்தப் பொட்டலுக்கு அவ பேரு வைக்கும்போது நானும் கூடச் சிரிச்சேன். அது எம்பேருல இருக்க வேண்டியது."

முன்வரிசையில் ஒரு குழந்தை, "உங்கள ஜெயில்ல போட்டாங்களா?" என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கைதட்டினார்கள்.

லோரெட்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு இளம் தாய் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கதைய எவ்ளோ அழகாச் சொன்னீங்க! தப்ப உங்க மேலயே போட்டுக்கிட்டுச் சொன்னதும் பசங்க அப்படியே உக்காந்துட்டாங்க பாருங்க."

"இல்லம்மா, அது நெஜம். நான்தான் செஞ்சேன்."

"ஆமா ஆமா" என்று குழந்தையைப் பார்த்துக் கண்ணடித்தாள் அந்தப் பெண். "பாட்டிதான் செஞ்சாங்களாம், கேட்டியா?"

கெல்சியும் வந்தாள், கண் கலங்கியிருந்தது. "லோரெட்டா, இத்தன வருஷத்துல இதான் பெஸ்ட். இனிமே இப்படியே சொல்லுங்க. நான் தாள்லயும் இப்படியே மாத்தி அடிச்சுடறேன். மத்த பொறுப்பாளருங்களும் இதையே படிக்கட்டும்."

"கெல்சி, நான் சொன்னது உண்ம. இந்த வேலைக்கு எனக்கு யோக்கியத கெடையாது."

"போங்க லோரெட்டா, நீங்க ஒரு ஈயக்கூட அடிக்க மாட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர்களில் ஒருவருக்கும் அந்தப் பழைய கதை தெரியாது. பெயர் வைத்தவரும் கூடச் சிரித்தவர்களும் செத்துப்போனார்கள், அல்லது வெயில் ஊர்களுக்குக் குடிபோய்விட்டார்கள். யாரிடம் போய் நம்பவைப்பது?

திரும்பிப் பார்த்தபோது கடைசி வரிசை காலியாக இருந்தது. நாற்பத்துமூன்றுக்கு ஓடினாள். ஆர்டித் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் முன்னதாகவே கிளம்புகிறாள்.

"சொன்னேன் ஆர்டித். கேட்டதானே? யாரும் நம்பல."

"நம்ப மாட்டாங்க. அது எனக்கு அன்னிக்கே தெரியும்டி." இத்தனை வருடம் கழித்து அந்த 'டி' வந்தது. லோரெட்டாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒரு கணம்தான். "அதனாலதான் நானும் வாயத் தொறக்கல. முகாமுக்கே ரொட்டி சுட்டுக் குடுக்கற உன்ன விட்டுட்டு, மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுத் திரியற என்ன எவன் நம்புவான்? சொல்லியிருந்தா, தப்பு பண்ணதும் இல்லாம அந்த நல்ல பொம்பள மேல பழி போடறா பாருன்னு அதையும் சேத்துப் பேசியிருப்பானுங்க."

"நான்... எம்மேல இருந்த பிரியத்துல நீ விட்டுக்குடுத்தேன்னு நெனச்சேன்."

ஆர்டித் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"பிரியமா? நீ போய்ச் சொல்லுவேன்னு அந்த வருஷம் முழுக்க போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அதுக்கு என்ன பேரு வெச்சுக்கறியோ வெச்சுக்கோ."

கூடாரத்தைப் பைக்குள் திணித்து வண்டியில் போட்டாள். மிஞ்சிய விறகு ஒரு கட்டு கிடந்தது, அலுவலகத்தில் வாங்கியது. அதைப் பக்கத்து இடத்தில் வைக்காமல், தூக்கிக்கொண்டுபோய் அலுவலகத்து வாசலிலேயே போட்டுவிட்டு ஊருக்குப் போனாள்.

புதிய தாள் அடுத்த வாரமே வந்துவிட்டது. கெல்சி ஒரு வார்த்தை விடாமல் அடித்திருந்தாள். ஆனால் யாருடைய மனமும் புண்படக் கூடாது என்று ஆர்டித் நைக்விஸ்ட் என்ற பெயரை எடுத்துவிட்டு, 'பக்கத்து இடத்துக்காரி' என்று போட்டிருந்தாள். லோரெட்டா அதை அடித்துப் பேனாவால் பெயரை எழுதி, சனிக்கிழமைதோறும் உரக்கப் படிக்கிறாள். ஒவ்வொரு முறையும் கைதட்டுகிறார்கள்.