திரைக்குப் பின்னால் ஒரு தட்டு

ஐம்பதுகளில் ஆம்பூரில் இங்கிலீஷ் டியூஷன் எடுத்தேன். அதில் ஒரு மாணவியின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. தோல் மண்டி சாயபு ஒருவரின் மகள். கூடத்துக் கதவில் திரை தொங்கும்; இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அப்பா வீட்டில் இல்லாதபோது அந்நிய ஆணிடம் பேசுவது வழக்கமில்லை. அதனால் முதல் நாளே ஓர் ஏற்பாடு. புரிந்தால் கதவில் ஒரு தட்டு, புரியாவிட்டால் இரண்டு.

முகம் பார்க்காமல் பாடம் நடத்துவது எனக்குப் பெரிய அவஸ்தை. இரண்டு தட்டு விழுந்தாலே எழுந்து குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

மெட்ரிக் பரீட்சை நெருங்கியது. சாயபு என்னை வாசலில் நிறுத்தினார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரே பேஜார் பண்றாங்க, சார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சிட்டு வர்றேன். என் எதிர்ல கேள்வி கேளுங்க. இங்கிலீஷ்ல பதில் சொன்னா பரீட்சை எழுதட்டும். இல்லேன்னா நிக்காஹ்."

படிப்பில் அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது, திரைக்கடியில் அவள் தள்ளிவிடும் காம்போசிஷன் தாள்களைப் பார்த்த எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை நான்-டீடெயில் கதையை எடுத்தேன். கடலுக்குப் போன கணவனுக்காக ஒருத்தி விளக்கேற்றிக் காத்திருக்கும் கதை. ஒரு பாரா ஆங்கிலம், அப்புறம் தமிழில் விளக்கம். எல்லாவற்றுக்கும் ஒரே தட்டு. என் மாணவி எல்லாம் புரிந்ததாகத் தட்டுபவள் இல்லையே!

"இந்தக் கதையை எழுதினதே நான்தான். புரியுதாம்மா?"

ஒரு தட்டு.

"உள்ள யாரு?" என்றேன்.

அவளுடைய அம்மாவின் குரல் வந்தது. "பொண்ணுக்கு நேத்துலேர்ந்து ஜுரம், சார். நீங்க திரும்பிப் போய்ட்டா, அதையே சாக்கா வெச்சி அவரு டியூஷனை நிறுத்திடுவாரு. அதான் நான் ஒக்காந்தேன்."

"அதுக்காக எல்லாத்துக்கும் புரிஞ்சிதுன்னு தட்டறதா?"

"ரெண்டு தட்டினா நீங்க நடக்க ஆரம்பிச்சிடறீங்களே! ஆனா கதை புரிஞ்சிது, சார். அந்தப் பொம்பளை கடைசில இன்னா ஆனா?"

கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முடிவைச் சொன்னேன். புருஷன் வரவில்லை. ஆனாலும் அவள் விளக்கேற்றுவதை விடவில்லை. திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை சாயபு வந்து உட்கார்ந்தார். மகள் ஜுரத்தோடு திரைக்குப் பின்னால். வேறு வழியில்லாமல் அந்தக் கதையிலிருந்தே கேட்டேன். கணவன் வராதபோதும் அவள் ஏன் விளக்கேற்றினாள்?

உடைந்த குரலில், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில், பதில் வந்தது. "என் புருஷன் வரவில்லை. மற்ற பெண்களின் புருஷன்மார்களாவது வரட்டும் என்றுதான்."

அது புத்தகத்தில் இல்லை. நானும் சொல்லவில்லை. படுத்திருந்த மகளுக்குத் தாய் அந்தக் கதையை எப்படிச் சொல்லியிருப்பாள் என்று எனக்கு விளங்கியது.

"சரியா சொன்னாளா, சார்?"

"நான்கூட இப்படிச் சொல்லிக் குடுத்ததில்ல, பாய்."

சாயபு திரைப் பக்கம் திரும்பினார். "எழுதட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்கு நடந்துகொண்டேதான் பாடம் நடத்தினேன். அந்தக் கால் அடங்கவே இல்லை. ஆனால் யாரிடமும் "புரிந்ததா?" என்று கேட்டதில்லை. "இப்ப நீ உங்க அம்மாவுக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லு" என்பேன்.