கேட்டுவிட்டுக் காத்திருந்தவர்

ஹிதாயா டீச்சர் மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் நாவலப்பிட்டி பஸ் நிலையத்தில் மரக்கறிப் பையோடு நின்றிருந்தேன். அவருடைய மைத்துனர்தான் பேசினார். அதிகாலைத் தொழுகைக்கு எழுந்தவர் குழாயடியிலேயே சரிந்துவிட்டாராம். வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு, கண்டி பஸ்ஸைப் பிடித்தேன். எங்கள் தோட்டத்துச் சாவு வீடுகளில் கொழும்பிலிருக்கும் மகன் வரும்வரை, மஸ்கெலியாவிலிருக்கும் தங்கை வரும்வரை என்று உடல் இரண்டு மூன்று நாள் கிடக்கும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு அவசரப்படத் தெரியவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகன நெரிசல் வேறு. மடவளையில் இறங்கியபோது மையவாடியில் அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

முற்றத்தில் போட்டிருந்த கதிரையொன்றில் அவருடைய கணவர் சலீம் ஹாஜியார் உட்கார்ந்திருந்தார். பஸாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். அதிகம் பேசாத மனிதர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வருவீங்கண்டு தெரியும் சேர். ஆனா ஜனாஸாவ வச்சிட்டு இரிக்க ஏலாதானே" என்றார். தவறு அவருடையது போலச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டீச்சரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கும் அவர் குரல் தெரிந்திருக்கலாம். இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஃபோனில் கணக்குச் சொல்லித்தரும் அந்தப் பெண் குரல் அவருடையது. பலர் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். உண்மையில் கடைசிக் காலத்தில் அவரை நோகடித்தது அந்தக் குரல்தான். அதை மறைத்துவிட்டு நான் புகழ்மாலை கட்டினால், கபுறிலிருந்து எழுந்து வந்து சிவப்புப் பேனையால் கோடு போடுவார்.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். நான் விஞ்ஞானம், அவர் கணிதம். கணிதம் படிப்பிக்க ஆளில்லாத தமிழ்ப் பாடசாலைகளுக்காகப் பாடங்களை ஒளிப்பதிவு செய்து கொடுக்கும் திட்டமொன்று கண்டியில் தொடங்கியபோது எங்கள் இருவரையும் விடுவித்து அங்கே அனுப்பினார்கள். வெளிநாட்டுக் காசு, புதுக் கணினிகள், குளிரூட்டிய பதிவு அறை. அதுவரை சுண்ணாம்புத் தூள் மட்டுமே கண்டவர்களுக்கு அது பெரிய உலகம். டீச்சர் முதல் நாளே குளிரூட்டியை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டார்.

அவர் சுலபமான மனுஷி இல்லை. கூட்டத்தில் யாராவது பிழையாகச் சொன்னால் முடிக்கவிடமாட்டார். அலுவலகத் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார். அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் பாடமொன்று நல்லதா கெட்டதா என்று அலுவலகத்தில் உட்கார்ந்து அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பாடசாலைக்குப் போக வேண்டும், கடைசி வாங்கில் பிள்ளைகளோடு உட்கார வேண்டும், அதன் பிறகுதான் வாய் திறப்பார்.

முதல் பாடத்தைப் பரீட்சித்துப் பார்க்க நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் போனோம். எங்கள் இணைப்பாளர் வாகீசனும் வந்தான். யாழ்ப்பாணத்துப் பையன், கணினிப் படிப்பு, நல்ல உழைப்பாளி. திரையில் கொழும்பு ஆசிரியை ஒருவர் தோன்றி "வணக்கம் மாணவர்களே" என்றார். பிள்ளைகள் சடாரென்று எழுந்து "வணக்கம் ஆசிரியர்" என்று இழுத்துப் பாடினார்கள். அவர்கள் பாடி முடிப்பதற்குள் திரையிலிருந்தவர் பின்னங்களுக்குள் போய்விட்டார். பிள்ளைகள் நின்றபடியே பார்த்தார்கள். பாடம் முடியும்வரை ஒருவரும் உட்காரவில்லை. வாகீசனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "பாருங்கோ சேர், கதிரையில இருக்கவே மனமில்லாமல் பாக்குதுகள்" என்று சொல்லிப் படமெடுத்தான். அந்தப் படம் திட்ட அறிக்கையின் அட்டைக்குப் போனது.

டீச்சர் ஒரு சிறுமியிடம் குனிந்து, ஏன் மகள் உட்காரவில்லை என்று கேட்டார். அவள் திரையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அந்த டீச்சர் இன்னும் ஒக்கார சொல்லலங்க டீச்சர்."

எங்கள் பாடசாலைகளில் ஆசிரியர் வந்தால் எழுவோம், வணக்கம் சொல்வோம், "இருங்கள்" என்ற பிறகே இருப்போம். இது எனக்கும் தெரியும், அந்தப் பாடத்தை எழுதியவருக்கும் தெரியும். தெரிந்த நாங்கள்தான் அதை விட்டுவிட்டோம், ஏனென்றால் பதிவு அறையில் எழுந்து நிற்க யாரும் இல்லை. பிள்ளைகளுக்குப் பின்னம் ஒன்றும் ஏறவில்லை. கால் வலித்தவன் கணக்கையா பார்ப்பான்? திரும்பும் வழியில் வான் வண்டிக்குள் எல்லோரும் மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டு வந்தபோது டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "புள்ளைகள் மரியாதைக்கு நிண்டிச்சு. நாங்க அத ஆர்வமெண்டு எழுதப் போறோம்."

அதன் பிறகு பாடங்களைத் தன் குரலிலேயே திரும்பப் பதிவதாகப் பொறுப்பெடுத்தார். வணக்கம் சொல்வார், பிள்ளைகள் பதில் சொல்ல நேரம் விடுவார், உட்காரச் சொல்வார். கேள்வி கேட்டுவிட்டு மீண்டும் நிறுத்துவார். சின்ன நிறுத்தம் இல்லை. வகுப்பு முழுவதும் சேர்ந்து இழுத்து ஒரு விடை சொல்லி, பிழையென்று யாரோ சிரித்து, மறுபடி சொல்லும் அளவுக்கு. ஏன் இவ்வளவு என்று நான் கேட்டதற்கு, சிறு வயதில் தான் ஓதப் போன மத்ரஸாவைப் பற்றிச் சொன்னார். அங்கே படிப்பிக்கும் உஸ்தாத் ஒரு வரி ஓதிவிட்டுக் காத்திருப்பாராம். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து ஓதும் சத்தத்துக்குள் தன் பிழை யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில்தான் டீச்சர் வாய் திறந்தாராம். எங்கள் கோயிலில் மார்கழிப் பஜனையில் நான் பாடப் பழகியதும் அப்படித்தான். தனியே எழுப்பிக் கேட்டால் எங்கள் பிள்ளைகள் செத்தாலும் பேசமாட்டார்கள். கூட்டத்தோடு சொல்லிச் சொல்லித்தான் ஒருநாள் தனியே சொல்வார்கள். "கேள்வி கேக்க மெஷினுக்கும் ஏலும் சேர். காத்துட்டு இரிக்கத்தான் அதுக்கு ஏலாது" என்பார். இந்த வாக்கியத்தை அவரோடு வேலை செய்த எல்லோரும் கேட்டிருப்பீர்கள்.

எனக்கும் அவருக்கும் ஒரு சண்டை உண்டு, அது தீரவேயில்லை. பாடங்களில் எங்கள் கலாசாரம் தெரியவேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். உடனே ஒவ்வொரு கணக்கிலும் கொழுந்துக் கூடையும் தலையில் கயிறுமாக ஒரு பெண் வந்து நின்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. என் அம்மா அந்தக் கூடையைத் தூக்கியவர்; அவரைத் திரையில் பார்ப்பது போலிருந்தது. டீச்சர் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். "கூடையப் போட்டா கலாசாரமா சேர்? அந்தப் புள்ள படிக்கிறதே அந்தக் கூடைய எறக்கி வைக்கத்தானே" என்றார். மடவளைக் கடைக்காரர் வீட்டுப் பெண்ணுக்குத் தோட்டத் தொழிலாளர் லயத்து வாழ்க்கையைப் பற்றி என்ன தெரியும் என்று நானும் வாய்விட்டுக் கேட்டேன். சில வாரம் பேசாமலிருந்தோம். கடைசியில் கூடை ஒரு பாடத்தில் மட்டும் மிஞ்சியது. இன்றும் கேட்டால் நான் கூடையின் பக்கம்தான். ஆனால் அந்தப் பாடம் ஓடும்போது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்வதை நானும் பார்த்திருக்கிறேன்.

பாடங்கள் எல்லாம் முடிந்து கொழும்புக்குப் போயின. அங்கே அவற்றை ஃபோனுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். வாகீசன் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, நிறுத்தங்களைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்றான். "சத்தமில்லாமல் கிடந்தா பழுதெண்டு சனம் நினைக்கும் ரீச்சர். பிள்ளையள் நிப்பாட்டிப் போட்டு வேற ஏதும் பாக்கப் போயிடுங்கள்." டீச்சர் முடியாது என்றார். அவன் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போனான். பாவம், அவன் கையில் எதுவும் இல்லை.

பிறகு திகனப் பக்கம் ஒரு பாடசாலைக்குப் போனோம். டீச்சர் வழக்கம் போல கடைசி வாங்கில் உட்கார்ந்தார். திரையில் அவர் குரல் கேட்டது: மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா? வகுப்பு முழுவதும் மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தது. அதே நொடியில் அந்தக் குரலே விடையையும் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டது. பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள். அடுத்த கேள்விக்குச் சில பேர் மட்டும் வாயைத் திறந்தார்கள். அதற்கடுத்த கேள்விக்கு யாரும் திறக்கவில்லை. டீச்சர் எழுந்து வெளியே போனார். நான் பின்னால் போனபோது மைதானத்து ஓரத்தில் நின்றிருந்தார். "என்ட வாயாலேயே புள்ளைகள்ட வாய மூட வச்சிட்டாங்க சேர்" என்றார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஒன்று நிறுத்தங்களைத் திரும்பச் சேருங்கள், இல்லாவிட்டால் என் குரலை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். இரண்டும் நடக்கவில்லை. பாடங்கள் வெளியாகிவிட்டன, பாராட்டும் வந்துவிட்டது என்றார்கள். அவர் திட்டத்தை விட்டு மடவளைக்கே வந்து பழையபடி வகுப்பில் நின்றார். அதற்குப் பிறகு கொரோனா வந்தது. பாடசாலைகள் மூடப்பட்டன. வேறு வழியில்லாமல் எல்லோரும் அந்தப் பாடங்களைத்தான் பிடித்துக்கொண்டார்கள். சிக்னல் கிடைக்கும் மேட்டில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் கைகளிலெல்லாம் ஹிதாயா டீச்சர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார், காத்திராமல்.

எல்லாம் திறந்த பிறகு ஒருநாள் அவர் எனக்கு ஃபோன் எடுத்தார். கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறி டிக்கட் கேட்டபோது, முன் சீட்டிலிருந்த ஒரு சிறுமி திரும்பிப் பார்த்து, நீங்கள் ஃபோனில் கணக்குச் சொல்லும் டீச்சர்தானே என்று கேட்டாளாம். ஆமாம் என்று இவரும் சிரித்திருக்கிறார். பாடம் விளங்குகிறதா என்று கேட்டிருக்கிறார். அவள் கோபமாகச் சொல்லவில்லையாம், மரியாதையாகத்தான் சொன்னாளாம்: "நீங்க ரொம்ப கெட்டிக்கார டீச்சர். எங்களுக்குத்தான் அவ்வளவு வேகமா வராது." அந்தப் பிள்ளை தன்னையே மட்டம் தட்டிக்கொண்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதன் பிறகு அவர் உடம்பு தேறவேயில்லை. நோய் நோய்தான், சீனி சீனிதான். ஆனாலும் மனசு விட்டுப்போனால் மருந்து என்ன செய்யும்?

அடக்கம் முடிந்த அந்த வாரம், இனியாவது அதைத் திருத்த முடியுமா என்று விசாரித்தேன். திட்டம் எப்போதோ முடிந்துவிட்டது. கண்டி அலுவலகம் இருந்த மாடியில் இப்போது ஒரு துணிக்கடை. வாகீசன் கனடாவிலிருந்து பேசினான், அழுதான். அந்தப் பாடங்களைத் திறந்து மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியவில்லை. ஆக, அவற்றைத் திருத்தவும் ஆளில்லை, நீக்கவும் ஆளில்லை. இன்னும் எத்தனை வருடத்துக்கோ, எங்கள் பிள்ளைகளிடம் டீச்சர் கேள்வி கேட்டு, அவர்கள் வாய் திறக்குமுன் விடையைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருப்பார். அவர் தன் பேரில் மிச்சம் வைத்துவிட்டுப் போனதாக உலகம் நினைப்பது இதைத்தான்.

என்னிடம் இருப்பது வேறு. கொழும்புக்கு அனுப்புமுன், பிழை பார்ப்பதற்காகப் பாடமொன்றின் வெட்டாத பதிவை எனக்குத் தந்திருந்தார். நேற்று அதைப் போட்டுக் கேட்டேன். கேள்வி கேட்கிறார். பிறகு பேச்சில்லை. பழுது என்று சொல்லி அவர்கள் வெட்டி எறிந்த இடம் அது. ஒலியைக் கூட்டினால், யாருமே இல்லாத அந்த அறையில், ஏதோ ஒரு பிள்ளை விடை சொல்லும் என்று ஹிதாயா டீச்சர் மூச்சுவிட்டபடி காத்திருப்பது கேட்கிறது.