விழாத கூரைக்குத் தகரம் கிடையாது

தொமித்திலாவுக்கு எங்கள் ஊர் வைத்த பெயர் ஜெனரல். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் கணவன் நாபோர் மட்டும் சொல்வான், அதுவும் நாலு பேர் இருக்கும் இடமாகப் பார்த்து. "எங்க வீட்டு ஜெனரல் உத்தரவு போட்டாச்சு. இனிமே கோயோ ஐயா இருமக்கூடக் கூடாது" என்பான். கோயோ ஐயா என்றால் எங்கள் தலைக்கு மேல் புகைந்துகொண்டிருக்கும் எரிமலை. மெக்சிகோவில் எங்கள் பக்கத்து ஆட்கள் அதை ஒரு பெரிய மனிதரைப் போலத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவோம்.

என் பெண்ணுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாயாக நின்றவள் தொமித்திலா. அந்த உறவில் நாங்கள் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் அழைத்துக்கொள்வோம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கள்ளி வேலி மட்டும்தான்.

அவள் சும்மா ஜெனரல் ஆகிவிடவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு குளிர்காலத்தில் மலை உறுமியது. ராணுவ லாரிகள் வந்து எல்லோரையும் ஏறச் சொன்னபோது நாபோர் அசைய மாட்டேன் என்றான். அவள் கைக்குழந்தை லுசினாவைத் தூக்கிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு ஏறிவிட்டாள். அவனும் திட்டிக்கொண்டே பின்னால் ஏறினான். வழியெல்லாம் சாம்பல் கொட்டியது. பிள்ளையின் மூக்கை மூட நல்ல துணி ஒன்றுகூடக் கையில் இல்லை. அன்று பிடித்த இழுப்பு லுசினாவை இன்றுவரை விடவில்லை. மலை அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. திரும்பி வந்து பார்த்தால் நாபோரின் கோவேறு கழுதைகளையும் பன்றிகளையும் யாரோ ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

"உன் பேச்சைக் கேட்டேன், பிச்சைக்காரனாயிட்டேன்" என்றான் நாபோர். இதை அவன் பல வருஷம் சொன்னான்.

அவள் இனிமேல் வெறுங்கையோடு நிற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். மூடி போட்ட நீல டிரம்களில் தண்ணீர் பிடித்து வைத்தாள். வறுத்த சோள ரொட்டி, பயறு, மூக்குக்கும் கண்ணுக்கும் மறைப்பு, பேட்டரி ரேடியோ, கதவிடுக்கில் திணிக்கப் பழந்துணி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். தகரக் கூரையைத் தாங்கும் உத்தரத்துக்கு அடியில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தாள். நாபோர் ராத்திரி அதில் இடித்துக்கொண்டு கத்துவது எங்கள் வீடுவரை கேட்கும்.

சாம்பல் நிஜமாகவே வந்தது ஒரு மழைக்காலத்தில். பட்டப்பகலில் இருட்டிப்போய், கோழிகள் கூட்டுக்குள் ஏறின. தகரத்தின் மேல் பொடிமழை மாதிரி சத்தம், ஆனால் ஈரமே இல்லை. பல்லுக்கிடையில் நறநறவென்று அரைபட்டது. சாம்பல் ஓய்ந்ததுமே தொமித்திலா முகத்தைக் கட்டிக்கொண்டு ஏணி வைத்துக் கூரையேறினாள். தூசி பறக்காமலிருக்கக் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் தள்ளினாள். தெருவில் நின்று வேடிக்கை பார்த்தான் நாபோரின் தம்பி மெலித்தோன்.

"என்ன அண்ணி, கோயோ ஐயாவுக்குப் பொடுகு எடுக்குறீங்களா?"

"சிரிச்சது போதும் மெலித்தோனு. போய் உன் கூரையைப் பெருக்கு. மழை வந்தா இது சாம்பலா இருக்காது, சிமெண்டா இருக்கும்."

"எங்கப்பா கையால போட்ட கூரை. நீங்க மிரட்டினாலும் விழாது."

என்னையும் கூப்பிட்டாள். என் புருஷன் வேலைக்குப் போயிருந்தான், எனக்கு ஏறப் பயம். அன்று மாலையே மழை பிடித்தது. முதலில் மெலித்தோன் வீடு இறங்கியது. பிறகு எங்களுடையது. தெருவில் பாதிக்குமேல் போயிற்று. எல்லோரும் தொழுவத்திலும் கோயிலிலும் ஒண்டிக்கொண்டிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. தொமித்திலாவின் கூரை அப்படியே நின்றது.

குழாயில் சேறு வந்தது. ஊரே அவள் வாசலில் குடத்தோடு நின்றது. டிரம்களைத் திறந்து எல்லோருக்கும் ஊற்றினாள். கடைசியில் தன் வீட்டுக்குக் காபி வைக்கவும் தண்ணீர் இல்லை. அதற்குப் பிறகு சந்தையில் என் காதுபடவே ஒருத்தி சொன்னாள்: "ஊத்தினாதான், யாரு இல்லேன்னாங்க? மனசோட ஊத்தலையே. அளந்து அளந்து ஊத்தினா."

அப்புறம் நிவாரண ஆட்கள் வந்தார்கள். விழுந்த வீடுகளைப் படம் எடுத்துக்கொண்டே வந்தவர்கள் தொமித்திலா வாசலில் நிற்காமல் தாண்டினார்கள். அவள் பின்னாலேயே ஓடினாள். அவள் கூரையும் சாம்பல் அரித்து ஓட்டை ஓட்டையாய்த்தான் இருந்தது.

"சார், உள்ள வந்து ஒரு தடவை பாருங்க. வானம் தெரியுது."

"வீடு நிக்குதேம்மா."

"நான் ஏறிப் பெருக்கினேன், அதான் நிக்குது."

"அதேதான் நானும் சொல்றேன். விழுந்த வீட்டுக்குத்தான் தகரம்."

எங்களுக்கெல்லாம் புதுத் தகரம் வந்தது. வெயிலில் கண் கூசும். மெலித்தோன் தன் கூரைக்கு மேல் ஏறி நின்று, "அண்ணே, இங்கேருந்து பாத்தா உன் வீடு கரி பிடிச்ச சட்டி மாதிரி இருக்கு!" என்று கூவினான். தெரு முழுக்கச் சிரித்தது. நாபோர் அன்றைக்கு வீட்டுக்குள் போய் அவளிடம் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னான்: "கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தவனுக்கெல்லாம் கூரை. முதுகொடியப் பெருக்கினவ புருஷனுக்கு ஓட்டை. என்னை ஊரு சிரிக்க வச்சதுல இது ரெண்டாவது தடவை."

லுசினா வளர்ந்து, மூச்சிழுப்போடு வடக்கே எல்லை தாண்டி வேலைக்குப் போன பிறகு மறுபடி சாம்பல் கொட்டியது. முன்னதைவிடக் கனமாக. தொமித்திலா முகத்தைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஏணியைக் காணோம்.

"ஏணி எங்க?"

"மெலித்தோன் வீட்டுல."

"எதுக்கு?"

"இந்தத் தடவை விழட்டும்" என்றான் நாபோர். "ஊருக்கு வந்த தகரம் எனக்கும் வரட்டும்."

அவள் கெஞ்சியது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அவள் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. எங்கள் ஏணியைக் கொடுத்தேன். நாபோர் அதைப் பிடுங்கி வேலிக்கு மேலே திருப்பி எறிந்தான். "நடுவுல வராத. உன் தலைக்கு மேலதான் புதுசு இருக்கே" என்றான். அப்புறம் உள்ளே போய் உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளைத் தட்டித் தட்டி எடுத்தான்.

மறுநாள் மத்தியானம் மழை. இருவரும் சமையல் கொட்டகையில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். தகரம் நடுவில் தொய்ந்து தொய்ந்து வந்தது, ஆனால் விழவில்லை. அப்போது நாபோருக்கு உள்ளே இருக்கும் டிவி ஞாபகம் வந்திருக்கிறது. "போகாதே" என்று அவன் சட்டையைப் பிடித்திருக்கிறாள். உதறிவிட்டுப் போனான். டிவியைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது உத்தரம் அவன் இடுப்பில் இறங்கியது.

நானும் என் புருஷனும் மெலித்தோனும் மண்வெட்டியால் தோண்டி எடுத்தோம். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி எதுவும் இல்லை.

நிவாரண ஆட்கள் இந்தத் தடவை வரவில்லை. போன முறை தேர்தல் நேரமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். மெலித்தோன் கொஞ்ச நாள் தலைகாட்டினான், அப்புறம் அந்தத் தெரு வழியே வருவதை விட்டுவிட்டான். லுசினா அனுப்பிய பணத்தில் தொமித்திலா தானே ஆள் வைத்து ஓர் அறைக்கு மட்டும் கூரை போட்டாள்.

இப்போது அந்த அறையில் நாபோர் படுத்திருக்கிறான். மலை லேசாக முனகினாலும் கூப்பிடத் தொடங்கிவிடுகிறான். "தொமி, டிரம்ல தண்ணி இருக்கா? கதவுக்குத் துணி வச்சியா? கூரையைப் பாத்தியா?" முன்பு கிண்டல் செய்த அத்தனையையும் இப்போது அவனே கேட்கிறான். அவள் "ம்" என்பாள்.

போன வாரம் அவள் வாசலில் உட்கார்ந்து சேர்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தோம். மலையில் புகை கருப்பாக இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"கொமாத்ரே, நிஜமாவே பெருசா வந்துச்சுன்னா இவரை எப்படிக் கொண்டு போவ?"

"இந்த ஆளைத் தூக்க நாலு பேர் வேணும்."

"நாலு பேருக்கு எங்க போறது?"

"அதான்."

"அப்ப நீ?"

"எனக்குக் கால் இருக்கு, கொமாத்ரே. நடந்து போயிருவேன்."

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. நாங்கள் மிச்சப் பயறையும் உரித்து முடித்தோம்.